நம் வீட்டுப் புராணம்

இராமர் பாலம் என்றார்கள், சிரித்தோம். பதினேழு லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே வானரங்கள் கல் சுமந்து கட்டிய பாலம் என்றார்கள், வாய்விட்டுச் சிரித்தோம். அத்தனை லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மனிதனே இப்பூமியில் இல்லையே, பாலத்தைக் கட்டியவர் யார், கட்டியதைக் கண்டவர் யார், கண்டதைக் குறித்து வைத்தவர் யார் என்று ஊர்தோறும் மேடையிட்டுக் கேட்டோம். 2007ஆம் ஆண்டில், இராமாயணப் பாத்திரங்கள் வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தந்த தொல்லியல் துறை, கூச்சல் கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொடுத்த கடனைத் திரும்பப் பெறலாம், சொன்ன உண்மையைக் கூடவா திரும்பப் பெறுவார்கள் என்று எள்ளி நகையாடினோம்.

நகைத்தது சரி, கேட்டதும் சரி. ஆனால் தோழர்களே, அதே கடலில், பாலம் என்று அவர்கள் காட்டிய மணல்திட்டுக்குச் சற்றே தெற்கில், நாமும் ஒன்று கட்டி வைத்திருக்கிறோம். பாலமல்ல, பேரரசு!

அங்கே ஒரு கண்டம் இருந்ததாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, மேற்கில் மடகாசுகர் வரையிலும் கிழக்கில் ஆத்திரேலியா வரையிலும் பரந்து கிடந்ததாம். பஃறுளி பாய்ந்ததாம், குமரி கொழித்ததாம். முதல் மனிதன் அங்கேதான் பிறந்தானாம். பிறந்தவன் வாய் திறந்ததும் தமிழ் பேசினானாம். உலகத்து மொழிகளுக்கெல்லாம் அதுவே தாயாம். உலகத்து மக்களுக்கெல்லாம் அதுவே தொட்டிலாம். பாண்டியர் பல்லாயிரம் ஆண்டு செங்கோல் ஓச்சினராம். பிறகு கடல் பொங்கிற்றாம், எல்லாம் போயிற்றாம்.

இத்தனை 'ஆம்' போட்டுப் பேசுவது எந்த மடத்து ஆச்சாரியார்? எந்தக் கோயில் குருக்கள்? எவருமில்லை. பேசுபவர்கள் நாம்! நம் மேடைகளில் முழங்கினோம். நம் மாநாட்டு மலர்களில் வரைந்தோம். நம் பிள்ளைகளின் பாடநூலிலும் ஏற்றினோம். 1981ஆம் ஆண்டு மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, குமரிக்கண்டத்தை அரசுப் பணத்தில் படமாகவும் எடுத்துக் காட்டினோம். ஊரார் வீட்டுப் புராணத்தைக் கொளுத்தப் பந்தம் பிடித்த கைகள், தம் வீட்டுப் புராணத்துக்கு விளக்கேற்றி வைத்திருக்கின்றன.

நாம் இதைச் சொல்லும்போது சிலருக்குச் சினம் மூளும். சினம் கொள்க, ஆனால் செவியும் கொடுக்க.

இக்கதை ஏன் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. தமிழ் வடமொழியின் பிள்ளை, வடமொழியிலிருந்து கடன் வாங்கிப் பிழைக்கும் பேச்சு, 'நீச பாஷை' என்று நாக்கூசாமல் சொன்னவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். நம் முன்னோர் எழுதிய ஓலைகள் கறையானுக்கு இரையாயின, அடுப்புக்கு விறகாயின, ஆற்று வெள்ளத்தில் எறியப்பட்டன. 1880களிலும் 1890களிலும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்து அச்சேற்றாதிருந்தால், கலித்தொகையும் புறநானூறும் பெயரளவிலே நின்றிருக்கும். இழந்தோம் என்ற உணர்ச்சி பொய்யன்று. எதை இழந்தோம் என்று எண்ணிச் சொல்ல இயலாதவன், எல்லாவற்றையும் இழந்தேன் என்று அலறுவது மனித இயல்பு. ஓலை போன துயரத்துக்கு ஒரு கண்டம் போன கதை ஆறுதலாயிற்று. 1903ஆம் ஆண்டு 'தமிழ்மொழியின் வரலாறு' எழுதிய பரிதிமாற் கலைஞர் குமரிநாட்டைப் பேசினார்; அவருக்குப் பின் வந்த பெரும்புலவர் பலரும் பேசினர். அவர்கள் உள்ளத்தை நாம் மதிக்கிறோம். மதிப்பதற்காக, அவர்கள் கூற்றை ஆராயாது விழுங்கவேண்டுமா? 'பெரியோர் சொன்னார், ஆகவே பேசாதே' என்பது எந்த முகாமின் குரல்? அதை எதிர்த்தல்லவா நாம் புறப்பட்டோம்!

எனவே ஆராய்வோம். முதலில் சான்று என்று காட்டப்படும் நூல்களைப் புரட்டுவோம்.

மூன்று சங்கங்களின் கதையைச் சொல்வது இறையனார் களவியல் உரை. அதன்படி முதற்சங்கம் 4440 ஆண்டு; இடைச்சங்கம் 3700 ஆண்டு; கடைச்சங்கம் 1850 ஆண்டு. முதற்சங்கம் வீற்றிருந்த நகரத்தைக் கடல் கொண்டது என்பதும் அந்த உரைதான். சரி, அந்த முதற்சங்கத்தில் அமர்ந்து தமிழ் ஆராய்ந்தவர் யார் யார்? அதே உரை பட்டியல் தருகிறது: முப்புரம் எரித்த சிவன், குன்றை எறிந்த முருகன், செல்வத்துக்கு அதிபதியான குபேரன், தலைமைப் புலவராக அகத்தியன்! கயிலையில் சிவன் இல்லை என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டு. குமரிக்கண்டத்தில் மட்டும் அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பதா? வடக்கே இருந்து வந்த முனிவன் தமிழுக்கு இலக்கணம் தந்தான் என்ற கதையை மறுத்து மறுத்துத் தொண்டை வறண்ட நாம், அந்த முனிவனைத் தலைவனாகக் கொண்ட சங்கத்தை நம் பெருமைக்குச் சான்றாக்குவதா? உரையிலிருந்து ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டவர்களை விட்டுவிடுகிறோம் என்றால், அது ஆராய்ச்சியன்று. பந்தியில் பிடித்ததை மட்டும் எடுத்து உண்பது.

ஆண்டுக் கணக்காவது தேறுமா? பள்ளிக்கூடத்துச் சிறுவன் பலகையில் போட்டுப் பார்க்கட்டும். 4440 என்பது 37ஐ 120ஆல் பெருக்கிய தொகை. 3700 என்பது 37ஐ 100ஆல் பெருக்கியது. 1850 என்பது 37ஐ 50ஆல் பெருக்கியது. மூன்று சங்கம், மூன்று நகரம், நடுவே கடற்கோள்கள். ஆயினும் ஆண்டுகள் மட்டும் முப்பத்தேழின் மடங்காகவே வந்து நிற்கின்றன! இடைச்சங்கத்துக்கு 3700 ஆண்டு. அதில் பாடிய புலவர் தொகையும் 3700. இடைச்சங்கத்தைக் காத்த அரசர் 59 பேர் என்கிறது உரை. வகுத்துப் பாருங்கள்: ஓர் அரசனுக்கு ஏறத்தாழ 63 ஆண்டு ஆட்சி. ஒருவர் இருவருக்கல்ல, தொடர்ந்து ஐம்பத்தொன்பது பேருக்கு! தசரதன் அறுபதாயிரம் ஆண்டு ஆண்டான் என்ற கதையைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தவர்கள், இதைக் கேட்டுக் கைதட்டி மகிழ்வது நியாயமா?

அடுத்து, சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார். பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் 700 காவதம் என்றும், அதில் தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை நாடு ஏழு என்று ஏழேழாக 49 நாடுகள் இருந்தன என்றும் அவர் எழுதினார். காவதம் எவ்வளவு தூரம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பத்து மைல் என்று கொண்டு 7000 மைல் நிலம் போயிற்று என முழங்குவோர் உலகப் படத்தை ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவமே ஏறத்தாழ 6800 மைல்தான். நம் பாண்டியன் தென்துருவத்தையும் கடந்து மறுபக்கம் ஏறியிருக்க வேண்டும். தென்னந்தோப்பு நிறைந்த நாடு ஏழும் பனிப்பாறையின்மேல் குலை தள்ளியிருக்க வேண்டும்!

உரையாசிரியரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பஃறுளி என்ற ஆற்றைப் புறநானூறு அறியும். பாண்டியன் கடலுக்கு நிலம் இழந்தான் என்ற செய்தியைக் கலித்தொகையும் சிலம்பும் அறியும். அவை சொல்வது ஓர் ஆறு, ஒரு மலை, கடல் கொண்ட ஒரு நிலப்பகுதி. அவ்வளவே. கண்டம் என்று அவை சொல்லவில்லை. முதல் மனிதன் பிறந்த இடம் என்று சொல்லவில்லை. உலக மொழிகளின் தாய் என்றும் சொல்லவில்லை. சொன்னதை நம்பாமல் சொல்லாததை நம்புவது நம் புலவர்களுக்குச் செய்யும் மரியாதையா?

சரி, 'குமரிக்கண்டம்' என்ற பெயராவது நம்முடையதா? அது கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் வருகிறது. பரதன் என்பான் தன் நாட்டை ஒன்பது கூறாக்கி, எட்டுப் பிள்ளைகளுக்கும் குமரி என்ற மகளுக்கும் பங்கிட்டானாம். மகள் பங்கே குமரிகண்டமாம். மற்றக் கண்டங்கள் மிலேச்சர் வாழ்பவை. இதுவோ வேதம் ஒலிக்கும், வேதியர் வாழும் புண்ணிய பூமி. அந்தப் புராணம் சொல்வது இது! நம் விடுதலைக் கோட்டைக்கு நாம் சூட்டிய பெயர், வேதியர் குடியிருப்புக்குப் புராணிகர் சூட்டிய பெயர். பெயர்ப்பலகையைக் கூடப் பக்கத்து அக்கிரகாரத்திலிருந்து இரவல் வாங்கியிருக்கிறோம், தோழர்களே.

இனி 'இலெமூரியா' என்ற மற்றொரு பெயர். மேல்நாட்டு விஞ்ஞானிகளே ஒப்பினார்கள் என்று மார்தட்டுவோர் அந்த வரலாற்றையும் அறிய வேண்டும். 1864ஆம் ஆண்டு பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் மடகாசுகர்த் தீவின் விலங்குகளைப் பற்றி எழுதினார். இலெமூர் என்னும் குரங்கின விலங்குகளும் அவற்றின் உறவினங்களும் மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படுவதேன், நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாமோ என்று ஊகித்தார். அந்த ஊக நிலத்துக்கு விலங்கின் பெயரையே இட்டார். அந்த விலங்குக்கு அப்பெயர் வந்தது எப்படி? இரவில் நடமாடுவதால், இலத்தீன் மொழியில் 'பேய்கள்' என்று பொருள்படும் சொல்லை அதற்கு இலின்னேயஸ் சூட்டினார். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று சுடுகாட்டில் படுத்துக் காட்டிய இயக்கத்தின் பிள்ளைகள், பேயின் பெயரால் அமைந்த நிலத்தைத் தாயகம் என்கிறார்கள்!

ஸ்கிளேட்டர் மனிதரைப் பேசவில்லை, குரங்கினத்தைப் பேசினார். அதை மனிதரின் தொட்டிலாக்கியவர் செருமனியின் ஹேக்கல். அவரே மனிதரை மேலினம், கீழினம் என்று படிவரிசையில் அடுக்கியவரும் ஆவார். அவரையும் விஞ்சினார் பிளாவட்ஸ்கி அம்மையார். சென்னை அடையாற்றில் 1882இல் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1888இல் அவர் வெளியிட்ட நூலில் இலெமூரியா ஞானக்கண்ணால் காணப்பட்டது. மனிதகுலம் 'மூல இனங்கள்' வழியே படிப்படியாய் ஏறிவந்தது என்றார். அந்த ஏணியில் மூன்றாம் படி இலெமூரியர். நான்காம் படி அத்திலாந்தியர். ஐந்தாம் படி, அதாவது இன்றைய உச்சிப்படி, யார் தெரியுமா? ஆரியர்! ஆத்திரேலியப் பழங்குடி மக்கள் போன்றோரை அந்த இலெமூரியரின் தேய்ந்து போன மிச்சம் என்று இழித்தும் எழுதினார்.

பார்த்தீர்களா ஏணியை! ஆரியரை உச்சியில் ஏற்றுவதற்காகச் செய்த ஏணி. அதன் கீழ்ப்படியில் நமக்கோர் இடம். அந்த இடத்தைப் பெருமை என்று நம்பி நாம் பாய் விரித்துப் படுத்தோம். இதே பிரம்மஞான சபையின் தலைவர் அன்னிபெசண்ட் அம்மையார் நடத்திய தன்னாட்சி இயக்கத்தை எதிர்த்து, 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கையின் வழித்தோன்றல்கள் நாம். முன்வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாய் அழைத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம்!

விஞ்ஞானம் பிறகு என்ன கண்டது? 1912இல் ஆல்பிரட் வெகனர், கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்ற கொள்கையை முன்வைத்தார். அக்காலத்தில் அவரைக் கேலி செய்தனர். 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை அளந்தன. 1967இல் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் ஆகியோரின் ஆய்வை வைத்து வரைந்த கடலடிப் படம் வெளிவந்தது. நீருக்கடியில் நீண்ட மலைத்தொடர்கள் தெரிந்தன. அவை மூழ்கிய பொதிகையல்ல, புதிய கடலடி பிறக்கும் பிளவுகளும் எரிமலைக் குழம்பு உறைந்த முகடுகளுமே. கண்டங்களின் அடித்தளம் தடித்த கருங்கல். ஆழ்கடலின் அடித்தளம் மெல்லிய எரிமலைப் பாறை. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் கிடப்பது இரண்டாவது வகை. இந்தியத் துண்டு ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரை விட்டது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. நம் போன்ற மனிதனுக்கோ வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு; அவன் பிறந்த இடம் ஆப்பிரிக்கா. வண்டி போய் எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆனபின் பிறந்தவன், அந்த வண்டியில் வந்தேன் என்று சொல்லலாமா?

'மொரீசியசுக்கு அடியில் பழைய கண்டத்தின் துணுக்குகள் கிடைத்தனவே' என்று சிலர் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டுவர். ஆம், 2013இல் அப்படி ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தத் துணுக்கு பிரிந்து சிதைந்ததும் டைனோசர் வாழ்ந்த காலத்தை ஒட்டியே. அதன்மேல் நடந்த காலடி எதுவும் மனிதக் காலடியன்று.

கடல் ஒன்றுமே கொள்ளவில்லையா? கொண்டது! அதையும் விஞ்ஞானமே சொல்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் ஈழமும் ஒரே தரையாய்க் கிடந்தன. கன்னியாகுமரிக்குத் தெற்கிலும் இன்று மீனவர் வலை வீசும் ஆழம் குறைந்த பகுதிகள் கரையாக இருந்தன. பனி உருகக் கடல் ஏறிற்று. கரையோர மக்கள் பின்வாங்கியிருப்பர். 1964 திசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போனதையும், 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தின்றதையும் கண்ட தலைமுறை நாம். கடல் நிலத்தைக் கொள்ளும் என்பது நெய்தல் மக்களின் நேரடி அறிவு. அந்த அறிவைத்தான் பழம்பாடல் சுமந்து வந்திருக்க வேண்டும். அந்த மக்களின் உண்மைத் துயரை ஒரு கற்பனைக் கண்டத்தின் மாயப் பெருமையாக ஊதிப் பெருக்குவது, அவர்களை இரண்டாம் முறை மூழ்கடிப்பதாகும்.

இனி இக்கதையின் உயிர்நாடிக்கு வருவோம்: மொழி. தேவநேயப் பாவாணர் தமிழ்ச் சொற்களின் வேர் தேடியதில் இணையற்ற உழைப்பாளி. அவர் தந்த தமிழ்ச் சொற்களை நாம் நாள்தோறும் ஆள்கிறோம். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் 1966இல் ஆங்கில நூல் எழுதி அவர் நிலைநாட்ட முயன்ற முடிவை, தமிழே உலக முதன்மொழி, அதுவே பிற மொழிகளுக்குத் தாய், அது பிறந்தது குமரிநாட்டில் என்ற முடிவை, நாம் ஏற்க இயலாது. மனித மொழியின் வயது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் இருளில் மறைந்து கிடக்கிறது. திராவிட மொழிக்குடும்பத்தின் வயதோ, இருபது மொழிகளின் சொற்களை வைத்துக் கணித்து 2018இல் வெளிவந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 4500 ஆண்டு. அக்குடும்பத்திலும் தமிழ் தாயன்று, தமக்கை. காது என்று பொருள்படும் சொல்லைப் பாருங்கள்: நாம் 'செவி' என்கிறோம், கன்னடர் 'கிவி' என்கிறார்கள். நம் 'சேரி' அவர்களுக்குக் 'கேரி'. பழைய ஒலி ககரம் என்பதும், நம் வாயில்தான் அது சகரமாயிற்று என்பதும் ஒப்பிலக்கணம் கண்ட உண்மை. தாய் வாயில் மாறிய ஒலி மகள் வாயில் பழையபடி இருப்பது எப்படி? இருவரும் உடன்பிறந்தார் என்பதால்!

இதைக் கேட்டு முகம் வாடுபவரைப் பார்த்துக் கேட்கிறோம்: தாயாக இருந்தால்தான் பெருமையா? தமக்கையாக இருந்தால் இழிவா? உலக மொழிகளுக்கெல்லாம் வடமொழியே தாய் என்றார்களே, அப்போது நமக்கு ஏன் குருதி கொதித்தது? அது பொய் என்பதால் மட்டுமா? இல்லை. ஒரு மொழி முகத்தில் பிறந்தது, மற்றவை அதன் காலில் பிறந்தன என்ற அந்த எண்ணமே நஞ்சு என்பதால். பிறப்பை வைத்துப் பெருமை பேசுவது வருணாசிரமம். அதை மனிதனுக்குச் சொன்னால் சாதி. மொழிக்குச் சொன்னால் மட்டும் சங்கத்தமிழா? நாற்காலியில் இருப்பவரை இறக்கிவிட்டு நாம் ஏறி அமர்வதற்கா சுயமரியாதை? நாற்காலி ஒன்று மேலே, திண்ணை ஒன்று கீழே என்ற ஏற்பாட்டையே உடைப்பதற்கல்லவா அது பிறந்தது!

1939இல் இந்தி எதிர்ப்புச் சிறையில் நடராசனும் தாளமுத்துவும் மாண்டார்கள். 1964 சனவரியில் திருச்சியில் சின்னசாமி தீக்குளித்தார். தமிழ் உலகத்தில் முதலில் பிறந்த மொழி என்பதற்காகவா அவர்கள் உயிரைத் தந்தார்கள்? அது தம் மக்கள் பேசும் மொழி, ஏழை உழவனும் நெசவாளியும் நினைக்கும் மொழி என்பதற்காக. நேற்றுப் பிறந்த மொழியாயினும், அதைப் பேசும் மக்களின் தலையில் வேறு மொழியை ஏற்ற எவருக்கும் உரிமையில்லை. இந்த நேரிய வழக்கை, 'வயது அதிகம், ஆகவே உரிமை அதிகம்' என்ற கோணல் வழக்காக மாற்றுகிறவர்கள், தம்மை அறியாமலே எதிரியின் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

இதனால் விளையும் கேடு வெறும் ஏட்டளவானதா? கீழடியைப் பாருங்கள். அங்கே பானை ஓடுகளில் தமிழ் எழுத்துக்கள் கிடைத்தன. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, கரிமக் கணிப்பின்படி அப்பண்பாட்டைக் கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது. மைய அரசின் துறை சார்பில் முதலில் அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 சனவரியில் 982 பக்க அறிக்கை அளித்தார். 2025 மே மாதத்தில் அது திருத்தங்கள் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. மண் அடுக்கும் கரிமக் கணிப்பும் கொண்டு நிறுவிய முடிவு என்று அவர் பதில் எழுதினார். நாம் அவர் பக்கம் நின்றோம், நிற்கிறோம். எந்த உரிமையில்? சான்றின் உரிமையில்! 2014இல் யானைமுகக் கடவுளைக் காட்டி அக்காலத்திலேயே உறுப்பு ஒட்டும் அறுவை இருந்தது என்று நாட்டின் பிரதமரே பேசியபோதும், 2015 சனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டில் வேதகால விமானம் பறந்தபோதும், சான்று எங்கே என்று கேட்டோம் அல்லவா, அதே உரிமையில்!

அந்த உரிமைக்கு ஒரே ஒரு தராசுதான் உண்டு. அவர்கள் சரக்கை நிறுக்க ஒரு படிக்கல், நம் சரக்கை நிறுக்க வேறொரு படிக்கல் என்று வைத்துக்கொண்டால், கீழடியின் பானை ஓட்டையும் குமரிக்கண்டத்தின் கற்பனையையும் ஒரே கூடையில் போட்டு, 'இரண்டும் தமிழர் கதை' என்று அவர்கள் தள்ளிவிடுவார்கள். உண்மையைக் கொல்ல எதிரி செலவிட வேண்டிய ஆயுதத்தை நாமே இலவசமாய்ச் செய்து கொடுப்பதா?

இன்னொரு கேடும் உண்டு. அது இதனினும் பெரிது. மூழ்கிய கண்டத்து மக்களுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், தரைமேல் வாழும் நம் உடன்பிறப்புகளின் பெயராவது அறிவோமா? கோண்டி ஒரு திராவிட மொழி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 29 லட்சம் பேர் அதைத் தாய்மொழி என்றனர். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உண்டு. அவற்றுள் கோண்டி இல்லை. அதே கணக்கெடுப்பில் 25 ஆயிரம் பேர்கூடத் தாய்மொழியாகச் சொல்லாத சமஸ்கிருதம் அங்கே கொலுவீற்றிருக்கிறது! குடகரின் மொழி இல்லை, துளு இல்லை, குரூக் இல்லை. பலுச்சித்தானத்து மலைகளில் பிராகுயி பேசும் மக்கள் தம் கண்ணைக் குறிக்கும் சொல், நம் 'கண்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரியிலேயே தோடரும் கோத்தரும் வாழ்கிறார்கள். யுனெஸ்கோவின் பட்டியலில் அவ்விரு மொழிகளும் மிகக் கடுமையான அழிவின் விளிம்பில் நிற்கின்றன. நம் மாநிலத்தில், நம் ஆட்சியில், நம் கண்ணெதிரே மூழ்கும் மொழிகள் அவை! அவற்றைக் கொள்ளும் கடல் உப்புநீர்க் கடலன்று, நம் அலட்சியம். தோடர் பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு பாடப்புத்தகம் என்று எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டோம்? தாய் நாங்கள் என்று தலைநிமிரும் நாம், தங்கை மூழ்கும்போது கைகொடுத்தோமா?

'கண்டத்தை எடுத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?' என்று கலங்கும் இளைஞனுக்கு ஒரு சொல். களவியல் உரையின் முதற்சங்கத்தில் சிவனும் குபேரனும் அமர்ந்திருக்கிறார்கள். நமக்கு உண்மையாகக் கிடைத்த பாடல்களை எழுதியவர் யார்? மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார்: தானியம் விற்றவர். ஔவையும் வெள்ளிவீதியும் போலப் பெண்கள் பலர். வேதத்தை ஓதப் பிறப்புரிமை கேட்ட நாட்டில், கடைவீதிக்காரன் கவிஞனாயிருந்தான், பெண் புலவராயிருந்தாள். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பெயர் கீறப்பட்டிருக்கிறது. அவன் மன்னனல்லன் என்றே தோன்றுகிறது. மன்னன் தன் பெயரைச் சோற்றுப் பானையிலா கீறுவான்? தன் பானையில் தன் பெயரைத் தன் கையால் எழுதத் தெரிந்த ஒரு சாதாரண மனிதன்! எழுத்து ஒரு சாதியின் சொத்தாகிவிடாத காலம் இங்கே இருந்தது என்பதற்கு அவன் கை சாட்சி.

ஏழாயிரம் மைல் பேரரசு ஒரு தட்டிலும் அந்தப் பானை ஓடு மறு தட்டிலும் வைக்கப்பட்டால், நாம் ஓட்டின் பக்கம். அது சிறிது, ஆனால் மெய். அது கைக்குள் அடங்கும். ஆனால் கேட்டவன் எவனாயினும் அவன் கையில் எடுத்துக் கொடுக்கலாம்.

ஆகவே தோழர்களே, அடுத்த மாநாட்டு மலரில் குமரிக்கண்டப் படம் அச்சிட ஓர் ஏடு ஒதுக்கியிருந்தால், அதில் நீலகிரித் தோடரின் மொழியைப் பற்றி எழுதுங்கள். படிப்பகத்துச் சுவரில் மூழ்கிய பேரரசின் வரைபடம் தொங்கினால், அதைக் கழற்றிவிட்டுத் திராவிட மொழிகள் இன்று பேசப்படும் இடங்களின் வரைபடத்தை மாட்டுங்கள். எதிர்வீட்டுப் புராணத்தை நோக்கி நீட்டிய விரல் நடுங்காமல் இருக்க வேண்டுமானால், நம் வீட்டுப் புராணத்தை முதலில் நாமே தெருவில் எறிவோம். பழமையால் அல்ல, நேர்மையால் பெருமை பெறுவோம்.